ஒரே மீட்டர், இரண்டு அடுப்பு: 55 யூனிட் எப்படி 92 ஆனது?

மேட்டு லயம் (தலவாக்கலை)
2025 மே 3

வணக்கம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் யாரும் யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் மின்சார பில். விபரம் தெரிந்தவர்கள் பொறுமையாக வாசித்துப் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறோம். எங்களுடையது தொங்க வீடு, வரிசையின் கடைசி. அம்மா, நான், தரம் ஐந்தில் படிக்கும் மகன் என்று மூன்று பேர். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் முன்பள்ளியில் கற்பிக்கிறேன். மீட்டர் இன்னும் காலமான அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த தம்பி, மார்ச் கடைசி வாரத்தில் மனைவியையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். வீட்டின் பின்பக்கம் அப்பா இறக்கிக் கட்டிய தகரக் கூரை அறை சும்மா கிடந்தது. அதில் தனியாக அடுப்பு வைத்துக் குடியிருக்கிறார்கள். மின்சாரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொண்டார்கள். அப்போது அது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தெரியவில்லை.

இனி கணக்கு. பெப்ரவரி 24 முதல் மார்ச் 26 வரை 30 நாளுக்கு 55 யூனிட். 480 ரூபாய் அளவில் கட்டினேன். எங்களுக்கு எப்போதும் 50, 55 என்றுதான் வரும். அடுத்த தடவை புத்தாண்டு விடுமுறை வந்ததால் மீட்டர் பார்ப்பவர் இரண்டு மூன்று நாள் தாமதமாக, ஏப்ரல் 28 அன்று வந்தார். முந்தைய வாசிப்பு 7249. இப்போது 7341. 33 நாளுக்கு 92 யூனிட். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் தொகை 1,500 ரூபாயைத் தாண்டியிருந்தது.

யூனிட் இரண்டு மடங்கு கூட ஆகவில்லை, பணம் மூன்று மடங்குக்கு மேல். இது எந்தக் கணக்கு?

தம்பியிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்பதை இப்போது உணர்கிறேன். "எங்கள் அறையில் ஒரே ஒரு பல்பும் போன் சார்ஜரும்தான் இருக்கின்றன, நான் எப்படி ஆயிரம் ரூபாய்க்கு எரித்தேன்?" என்று அவன் கோபித்துக்கொண்டான். அம்மா அவன் பக்கம். மீட்டரில்தான் பிழை என்று அடித்துச் சொல்கிறார். முன்பிருந்த கறுப்பு மீட்டரில் சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், வேகமாகச் சுற்றினால் ஓடிப்போய் எதையாவது நிறுத்தலாம், இந்தப் புதியதில் சிவப்பு விளக்கு மின்னுவதை வைத்து யார் என்ன கண்டது என்கிறார். மாலை ஆறரைக்குப் பிறகு எரிப்பதற்கு அதிக விலை போடுகிறார்கள் என்றும், குழந்தைக்கு இராத்திரியில் விளக்கு எரிவதால்தான் இப்படி ஆனது என்றும் சொல்கிறார். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பக்கத்து வீட்டார் எங்கள் வயரில் கொக்கி போட்டிருப்பார்களோ என்றுகூடத் தோன்றியது.

எங்கள் வாசலில் நின்றால் கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 2012 இல் திறந்த 150 மெகாவாட் மின்நிலையத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைக்க யோசிக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

என் கேள்விகள்: மீட்டர் சரியா பிழையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? பணம் ஏன் இப்படி எகிறியது? தம்பியிடம் எவ்வளவு கேட்பது நியாயம்?

பழைய வாசிப்பாளர் (ஹட்டன்)
2025 மே 4

மகள், ஹட்டன், நோட்டன், மஸ்கெலியா பக்கத்தில் பல வருடம் மீட்டர் வாசித்துத் திரிந்தவன் நான். உங்கள் கேள்வியை எத்தனையோ லய வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன். மழையில் நனைந்தபடி நிற்பவனால் ஆறுதலாக விளக்க முடிவதில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

முதலில் மீட்டர். தம்பியிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். அவர் அறையும் சேர்ந்து இருண்டுவிடும் என்பதால் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பத்து நிமிடம் அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு தடவையும் மின்னவில்லை என்றால் மீட்டர் தானாக ஓடவில்லை. மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையில் யாரும் கொக்கி போடவும் இல்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்றும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சுவிட்சை இறக்கிய பிறகும் அங்கே எரிந்தால், உங்கள் வீட்டு வயரிலிருந்து அவர்கள் எடுக்கவில்லை. மனத்திலிருக்கும் அந்தச் சந்தேகத்தை அன்றோடு இறக்கி வையுங்கள்.

அடுத்து, மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்தி, மின்கேத்தலை மட்டும் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை மின்னல் என்று பொறித்திருக்கும். 1600 என்று வைத்துக்கொள்வோம். கேத்தலின் அடியில் 1500 வாட் என்று இருந்தால், அது ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அதாவது 2400 மின்னல். ஒரு நிமிடத்துக்கு 40. கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். 40 வராமல் 33, 36 என்று வந்தால் பயப்பட வேண்டாம். தோட்டங்களில் டிரான்ஸ்போமரிலிருந்து லயம் வரை கம்பி நீண்டு கிடக்கிறது, கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் முழுதாக வந்து சேராது. வோல்ட் குறைந்தால் கேத்தல் எடுக்கும் மின்சாரமும் குறையும், கொதிக்க நேரம் கூடும். மீட்டர் எடுத்ததை மட்டுமே எண்ணும். 50, 60 என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து மீட்டரைச் சோதிக்கும்படி கேளுங்கள். எக்காரணம் கொண்டும் முத்திரைக் கம்பியில் கை வைக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பழைய சக்கரம் செய்த வேலையைத்தான் இந்த விளக்கு செய்கிறது. அதிலும் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சுற்று என்று முகப்பில் எழுதியிருந்தது. சக்கரம் சுற்றியது, விளக்கு மின்னுகிறது, அவ்வளவுதான். இரவு விலை என்பதும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுக்க அதிகமாக எரிக்கும் நேரம், அப்போது சிக்கனமாக இருங்கள் என்று கேட்பது உண்மை. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையும் உண்டு. ஆனால் சாதாரண வீட்டு இணைப்பில் மீட்டர் மொத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறது. இரவு பத்து மணிக்கு எரித்ததும் பகல் பத்து மணிக்கு எரித்ததும் அதற்கு ஒன்றுதான்.

இனிப் பணம். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

2025 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு முதல் 30 யூனிட் 4 ரூபாய், அடுத்த 30 யூனிட் 6 ரூபாய். நிலையான கட்டணம் 30க்குள் என்றால் 75 ரூபாய், அதற்கு மேல் 60 வரை 200 ரூபாய். உங்கள் 55 யூனிட்டுக்கு 120, 150, 200 சேர்த்து 470. அதன் மேல் சமூகப் பாதுகாப்பு வரி. நீங்கள் கட்டிய 480 சரியாக வருகிறது.

ஆனால் 60ஐத் தாண்டியவருக்கு அந்த 4 ரூபாயும் 6 ரூபாயும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே 11 ரூபாய். 60க்கு மேல் 90 வரை 14 ரூபாய். நிலையான கட்டணம் 400. எல்லோரும் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. படியில் ஏறியதும் கீழ்ப்படியையே எடுத்துவிடுகிறார்கள்.

இதில் நாள் கணக்கும் உண்டு. 60 யூனிட் என்பது 30 நாளுக்கு, அதாவது நாளுக்கு இரண்டு. மீட்டர் பார்ப்பவர் 33 நாள் கழித்து வந்தால் எல்லை 66 ஆகிறது. அதே போல 30 என்பது 33, 90 என்பது 99 ஆகிறது. ஆகவே புத்தாண்டில் அவர் தாமதமாக வந்ததால் உங்களுக்கு நட்டம் இல்லை. 92 யூனிட்டில் 66 யூனிட் 11 ரூபாய்ப்படி 726. மீதி 26 யூனிட் 14 ரூபாய்ப்படி 364. நிலையான 400. மொத்தம் 1,490. வரியோடு 1,528 அளவில் வந்திருக்கும். பாருங்கள், சரியா என்று.

அந்தப் படி எவ்வளவு செங்குத்தானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அதே 33 நாளில் 66 யூனிட்டோடு நின்றிருந்தால் 530 ரூபாய். 67 என்றால் 1,140. அந்த ஒரு யூனிட்டின் விலை 610 ரூபாய். இந்த 2025இல் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் சம்பளம் 1,350 ரூபாய். அரை நாள் கூலி கிட்டத்தட்ட ஒரு யூனிட்டில் போய்விடுகிறது.

குறைந்த விலைப் படி ஏழைகளுக்காக வைத்தது. அது நல்ல எண்ணம்தான். ஆனால் அது மீட்டரை எண்ணுகிறதே தவிர அடுப்பை எண்ணுவதில்லை. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று வாழ்வது எங்கள் லயங்களில்தான் அதிகம். சலுகை யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களுக்கே அது கை நழுவிப் போகிறது. இதை நான் வேலையில் இருந்தபோதும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மேட்டு லயம் (தலவாக்கலை)
2025 மே 6

ஐயா, மிகவும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். தம்பியையும் கூப்பிட்டேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் அம்மா, தம்பி, நான், மகன் நால்வரும் குடை பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு தடவைகூட மின்னவில்லை. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டு அக்காவை நினைத்து எனக்கு மிகவும் கூச்சமாகிவிட்டது.

கேத்தலுக்கு மகன் எண்ணினான். ஒரு நிமிடத்துக்கு 36. இரண்டு தடவை எண்ணியும் 36. எங்கள் மீட்டரிலும் 1600தான் பொறித்திருக்கிறது. பில் தொகையும் நீங்கள் சொன்ன 1,528தான். ஆக, மீட்டரில் பிழை இல்லை. அம்மா இன்னும் முழுதாக நம்பவில்லை, ஆனால் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்.

அப்படியென்றால் கூடுதலான யூனிட் உண்மையிலேயே எரிந்திருக்கிறது. ஒரு பல்புக்கும் போனுக்கும் அவ்வளவு எப்படிப் போகும்? 7 வாட் பல்பு இராத்திரி முழுக்க எரிந்தாலும் மாதம் இரண்டரை யூனிட்தான் வருகிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தையற்காரி (அப்புத்தளை)
2025 மே 6

தங்கச்சி, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. ஆண்கள் பல்பைத்தான் மின்சாரம் என்று நினைப்பார்கள். குழந்தைக்கு வெந்நீர் எதில் வைக்கிறார்கள் என்று தம்பி மனைவியிடம் மெதுவாகக் கேளுங்கள். குற்றம் சாட்டுவது போலக் கேட்க வேண்டாம்.

நான் முப்பது வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். தையல் மெஷினின் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் பில்லில் தெரியாது. இஸ்திரிப் பெட்டிதான் என் வருமானத்தைத் தின்றது. ஒளி, சத்தம், அசைவு எல்லாம் கொஞ்சமாகத்தான் எடுக்கும். சூடு மட்டும்தான் அள்ளிக்கொண்டு போகும். நம்முடைய குளிரில் குழாய்த் தண்ணீர் காலையில் 15 பாகைக்கு வந்துவிடுகிறது. ஒரு லீற்றரைக் கொதிக்க வைக்கப் பத்தில் ஒரு யூனிட் வேண்டும். 15 லீற்றர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட் வேண்டும். நாளுக்கு ஒரு வாளி என்றாலே 33 நாளில் 16, 17 யூனிட் ஆயிற்று.

இன்னொன்று. மழைக்காலத்தில் குழந்தைத் துணி காயாது. எத்தனை தாய்மார் ஈரத்துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானே என் பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். துணியில் இருக்கும் ஒரு லீற்றர் ஈரத்தை ஆவியாக்க அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஒரு லீற்றரைக் கொதிக்க வைப்பதைப் போல ஆறேழு மடங்கு. ஆகவே துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பாதி காயவிட்டு, கடைசி ஈரத்துக்கு மட்டும் பெட்டியைப் போடச் சொல்லுங்கள். நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எல்லாத் துணியையும் ஒரே தடவையில் அழுத்துகிறேன்.

அடுப்படியில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் மீட்டர் வாசிப்பைக் குறித்து வைப்பேன். வாரத்துக்கு 14க்கு மேல் போனால் அடுத்த வாரம் கையைப் பிடித்துக்கொள்வேன். பில் வந்த பிறகு அழுது பயனில்லை. அந்த ஐயா சொன்ன "நாளுக்கு இரண்டு" என்பதை நான் கலண்டரின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

வயரிங் தம்பி (பொகவந்தலாவை)
2025 மே 7

அக்கா, எல்லோரும் பணத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த வயரைப் பற்றித்தான் கவலை. தகரக் கூரை அறைக்கு எந்த வயரை இழுத்தீர்கள்? பல்புக்கு இழுக்கும் மெல்லிய இரட்டை வயர் என்றால் இன்றே கழற்றுங்கள். கேத்தல் 1500, இஸ்திரிப் பெட்டி 1000, வாளியில் போடும் சூடாக்கும் சுருள் 1000 என்று மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 15 ஆம்பியர். மெல்லிய வயர் உள்ளுக்குள்ளேயே உருகும். இரண்டரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், அதோடு நிலக்கம்பி, மின்கசிவு வந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்த இணைப்பு, இவை கட்டாயம் வேண்டும். வாளிச் சுருளைப் போட்டபடி தண்ணீர் சுட்டுவிட்டதா என்று கை விட்டுப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஈயவாளி, ஈரத் தரை, தகரச் சுவர். சொல்லவே பயமாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

பங்கு பிரிக்க ஒரு உப மீட்டர் வாங்கித் தம்பி அறைக்குப் போகும் வயரில் பூட்டுங்கள். அது உங்கள் வீட்டுக் கணக்குக்கு மட்டும்தான். மின்சார சபை அதைப் பார்க்காது, பில்லும் ஒரு ரூபாய் குறையாது. ஆனால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற சண்டை நின்றுவிடும்.

பிரிக்கும் விதம் பற்றி என் கருத்து: யூனிட்படி மட்டும் பிரிப்பது நியாயமில்லை. 92இல் உங்களுடையது 54, தம்பியுடையது 38 என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் 33 நாளுக்கு உங்களுக்கு 458, தம்பிக்கு 362. மொத்தம் 820. இப்போது வந்திருப்பது 1,490. நடுவில் இருக்கும் 670 ரூபாயை நீங்களும் எரிக்கவில்லை, தம்பியும் எரிக்கவில்லை. ஒரே மீட்டரில் இருப்பதற்கான விலை அது. அதைச் சரிபாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு 793, தம்பிக்கு 697. மூத்தவர் என்று நீங்கள் முழுதையும் சுமக்கவும் வேண்டாம், பிறகு வந்தவன் என்று அவர் தலையில் கட்டவும் வேண்டாம்.

எங்கள் அப்பா காலத்தில் எங்கள் லயத்துக்கே தோட்டத்தின் பெயரில் ஒரு மீட்டர்தான். யார் எவ்வளவு எரித்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையைச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவில், பிடித்துக்கொள்வார்கள். ஒரு பல்பு வைத்திருந்த கிழவியும் கட்டினாள், ஃபிரிட்ஜ் வைத்திருந்தவரும் அதையே கட்டினார். வீட்டுக்கொரு மீட்டர் வந்தபோது அப்பா அதற்குத் திருநீறு பூசியது எனக்கு நினைவிருக்கிறது.

கடைசியில் தனி மீட்டர்தான் வழி. இரண்டு வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கு எடுத்தோம். தனி வாசல், தனி வயரிங் இருக்கிறதா என்று பார்த்தார்கள். லயம் நம் பெயரில் இல்லாததால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்டார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழும் எடுத்தோம். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தடவை எல்லாக் கடதாசியையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு போனோம், முடிந்தது. தோட்டத்துப் பெரிய கிளாக்கரைக் காலையில் பிரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்த கையோடு போய்ப் பாருங்கள், பத்து மணிக்குப் பிறகு பிடிக்க முடியாது.

மேட்டு லயம் (தலவாக்கலை)
2025 மே 31

எல்லோருக்கும் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அப்புத்தளை அக்கா சொன்னது முழுக்க உண்மை. தம்பி வேலை தேடி வெளியே போன பிறகு, அவன் மனைவி ஒவ்வொரு நாளும் வாளிச் சுருளைப் போட்டுத்தான் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறாள். துணி உலர்த்தியதும் இஸ்திரிப் பெட்டியில்தான். எங்கள் கேத்தலையும் இராத்திரிப் பால் கரைக்க அவள்தான் எடுத்துப் போவாள், நானே கொடுத்தேன், அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கேட்டபோது அழுதுவிட்டாள். கொழும்பில் வாடகைக்கு இருந்த அறையில் மின்சாரம் வாடகையோடு சேர்த்தி என்பதால் அவளுக்கு இந்த யூனிட் கணக்கே தெரியாது. விறகடுப்பில் வெந்நீர் வைக்க எங்கள் பக்கத்துக்கு வந்தால் அம்மா ஏதாவது சொல்வாரோ என்ற பயம் வேறு. இப்போது அம்மாவே விடியற்காலையில் தேத்தண்ணீர் வைத்து முடித்த தணலில் பெரிய பானையை ஏற்றி வைக்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அவர்தான்.

தம்பி மறுநாளே வயரை மாற்றினான். பழைய வயரைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு முனையில் மேலுறை பழுப்பேறி மொரமொரவென்று உதிர்ந்தது. பொகவந்தலாவைத் தம்பிக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மே 10 அன்று உப மீட்டர் பூட்டினோம். 28ஆம் திகதி வரை 18 நாளில் அதில் 14 யூனிட் ஓடியிருந்தது. அந்த விகிதத்தில் மாதத்துக்கு 23 என்று எடுத்துக்கொண்டோம். பெரிய மீட்டரில் ஏப்ரல் 28 முதல் மே 28 வரை சரியாக 30 நாளுக்கு 74 யூனிட். ஆக எங்கள் பங்கு 51. பில் வரிக்கு முன் 1,256 ரூபாய். தனித்தனியாக இருந்திருந்தால் எங்களுக்கு 446, தம்பிக்கு 167 மட்டுமே. 92இலிருந்து 74க்கு இறங்கியும் இடையிலுள்ள தொகை இன்னும் 643 ரூபாய். இதைக் கண்டதும் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பாதிப் பாதியாகப் போட்டோம். அவன் பங்கு வரியோடு 500 ரூபாய் அளவில் வந்தது. எங்கள் பங்கு 787. சென்ற மாதத்துக்கும் அப்படியே கணக்குப் பார்த்து, கேட்காமலே கொடுத்துவிட்டான். கோபித்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மகன் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மீட்டரையும் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் எழுதுகிறான். பக்கத்து வீட்டு அக்காவும் தன் மீட்டரைப் பார்த்துத் தரும்படி கேட்டிருக்கிறார், இப்போது மூன்றையும் எழுதுகிறான்.

தனி மீட்டருக்கான தோட்டக் கடிதம் நேற்று கிடைத்தது. திங்கட்கிழமை கிராம உத்தியோகத்தரிடம் போகிறோம். அதோடு அப்பாவின் பெயரிலுள்ள கணக்கை அம்மாவின் பெயருக்கு மாற்றவும் நினைக்கிறோம். அப்பாவின் மரணச் சான்றிதழில் அவருடைய பெயர் ஒரு எழுத்து மாறி விழுந்திருக்கிறது. பில்லில் வேறு மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு சிக்கலைத் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் எங்கே போனீர்கள், சத்தியக் கடதாசி போதுமானதாக இருந்ததா என்று எழுதுங்கள்.